பழைய விமானமும் பழுதற்ற பயணமும்



நம் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே இறங்கும் பெரிய விமானங்களை நாம் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். அவற்றுக்கு இரண்டு எஞ்சின்கள், இரண்டு விமானிகள், பின்னால் ஒரு பெரிய நிறுவனம். இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. ஒரே எஞ்சின், மூக்கில் ஒரு புரொப்பெல்லர், இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களைப் பற்றியது. உலகெங்கும் தனி மனிதர்கள் சொந்தமாக வைத்திருப்பதும், பயிற்சிப் பள்ளிகள் பயன்படுத்துவதும் பெரும்பாலும் இவ்வகை விமானங்களையே. அவற்றில் மிகப் பல, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிய பழைய விமானங்கள்.

இதை நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் பெரியம்மாவின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்காவுக்கு விமானம் ஓட்டப் பயில வேண்டும் என்று ஆசை. அவள் விசாரித்த பள்ளியில் செஸ்னா 152 என்னும் இரட்டை இருக்கை விமானத்தில் கற்றுத் தருகிறார்களாம். அந்த வகை விமானத்தின் உற்பத்தி 1985-லேயே நின்றுவிட்டது. இதைக் கேட்டதும் பெரியம்மா, "பஸ்ஸே பதினஞ்சு வருஷம் ஓடினா கழிச்சுப் போடுறாங்க. அம்புட்டுப் பழசுல, அதுவும் ஒத்தை எஞ்சினை நம்பி, எம் புள்ளைய ஏத்தச் சொல்றீகளா?" என்றார்கள். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கேள்வி நியாயமானதுதான். உண்மையில் அது இரண்டு கேள்விகள்: பழைய விமானம் ஆபத்தானதா? ஒரே எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும்?

நம் மாநிலத்துக்குச் சிறு விமானம் புதியதன்று. 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஓட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ தாஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்துப் பறந்து காட்டினார். ஆனால் நம் கேள்விகளுக்கு உதவக்கூடிய ஆண்டு 1930. அவ்வாண்டு மே மாதத்தில் மூன்று இளைஞர்கள், ஒரே ரகமான ஜிப்ஸி மாத் விமானங்களில், ஏறக்குறைய ஒரே வான்வழியில் பறந்தார்கள்.

ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா. மற்றவர் ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயதுப் பையன். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டார். ஆஸ்பி லண்டனிலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார். எகிப்தில் அபுகீர் என்னும் இடத்தில் டாட்டா இறங்கியபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி அங்கே தவித்துக் கொண்டிருப்பதைக் கண்டார். தம்மிடம் இருந்த உபரி பிளக்கைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் பரிசை வென்றார். பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாகவும் ஆனார். டாட்டாவின் பெருந்தன்மைக்காகவே இக்கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. கண்டம் தாண்டும் விமானத்தை மண்ணில் நிறுத்திவைக்கப் பெருவிரல் அளவுள்ள ஒரு பிளக் போதும்! உபரிப் பொருளைக் கையோடு வைத்திருந்தவர் பறந்தார், வைத்திராதவர் காத்திருந்தார்.

மூன்றாமவர் ஆமி ஜான்சன் என்னும் இங்கிலாந்துப் பெண், வயது 26. அவருடைய விமானம் பழையது. வேறொருவர் ஓட்டிய விமானத்தைத் தந்தையாரின் உதவியோடும் ஒரு பிரபுவின் உதவியோடும் 600 பவுனுக்கு வாங்கினார். அதற்கு 'ஜேசன்' என்று பெயர் வைத்து, லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து 1930 மே 5-ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். அதற்குமுன் அவர் பறந்திருந்த நேரமோ நூறு மணிக்கும் குறைவு. இதைக் கேட்டால் பெரியம்மா மயங்கியே விழுந்துவிடுவார்கள். ஆனால் ஆமியிடம் மற்றொரு தகுதி இருந்தது. அவர் விமான எஞ்சின்களைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற மெக்கானிக். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. மை படிந்த விரல்களோடு எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகியவர் என்பதால், தாம் வாங்கிய பழைய பொருள் எத்தகையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். பஸ்ஸின் வயதை ஆண்டுகளில் எண்ணுகிறோம். விமானத்தின் வயதைப் பறந்த மணிகளில் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியே லாக் புத்தகம் உண்டு. எத்தனை மணி பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, யார் சோதித்துக் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் முதல் நாளிலிருந்து அதில் எழுதப்பட்டிருக்கும். 50 மணி, 100 மணி என்று கணக்கு வைத்துச் சோதனைகள் நடக்கும். பல செஸ்னா 172 விமானங்களில் உள்ள லைகோமிங் எஞ்சினை 2,000 மணி ஓடியதும், அல்லது 12 ஆண்டு ஆனதும், முற்றிலும் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நாற்பது வயது விமானத்தில் இரண்டு வயது எஞ்சின் இருக்கக்கூடும். ஒரு பாகம் அடிக்கடி பழுதாகிறது என்று உலகில் எங்கேனும் தெரியவந்தால், அந்த ரக விமானங்கள் அனைத்திலும் அதைச் சரிசெய்யுமாறு ஆணை பிறக்கும். அந்த ஆணை நிறைவேற்றப்பட்டதா என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும். ஏடு தொலைந்துபோன விமானத்தின் விலை சரிந்துவிடுமாம். சாட்சிச் சான்றிதழ் இல்லாத மாட்டைச் சந்தையில் யார் நம்புவார்?

பழைய விமானம் வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "அதிகம் பறக்காத விமானம், கொட்டகையிலேயே இருந்தது" என்று விற்பவர் சொல்வார். பழைய ஸ்கூட்டர் என்றால் நாம் மகிழ்ந்து வாங்கிவிடுவோம். விமானத்தில் இது நல்ல செய்தியே அன்று. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் எல்லாப் பாகங்களிலும் பூசிக்கொள்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். ஈரக்காற்று பட்டு உள்ளே துரு ஏறும். அத்துரு பின்னர் உதிர்ந்து எஞ்சினையே அரைக்கும். வாரந்தோறும் பறந்த விமானம் பூட்டி வைத்த விமானத்தைவிட நம்பகமானது. கடற்கரை ஊர்களில் நின்ற விமானம் என்றால் உப்புக்காற்று அலுமினியத் தகட்டையும் அரித்திருக்கும். வாங்குபவர் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆகவே தெரிந்தவர்கள், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விமானப் பொறியாளரை அழைத்துச் செல்வார்கள். அவர் செய்யும் சோதனைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, அதில் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பார்ப்பார். 80-க்கு 75 நின்றால் மகிழ்ச்சி. மிகவும் குறைந்தால் வால்வோ வளையமோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்றும் பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிப்பது போலத்தான்.

நம் நாட்டில் சிறு விமானமாயினும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்து, 'வி.டி.' என்று தொடங்கும் எழுத்துக்களை உடலில் எழுதிக்கொள்ள வேண்டும். பறக்கும் தகுதிச் சான்றிதழும் வேண்டும்; அத்தகுதி இன்னும் நிலைத்திருக்கிறதா என்று குறித்த காலத்தில் மறுஆய்வும் நடக்க வேண்டும். வாங்கிவிட்டால் முடிந்தது என்பதில்லை. கொட்டகை வாடகை, சோதனை, இன்ஷூரன்ஸ், எரிபொருள் என்று ஆண்டுதோறும் செலவு வரும். யானையை வாங்கினால் அங்குசத்துக்கும் வழி பார்க்க வேண்டும் அல்லவா?

முறையாகப் பேணினால் பழைய விமானம் எவ்வளவு காலம் பறக்கும் என்பதற்கும் டாட்டாவே சான்று. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி அவர் புஸ் மாத் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அத்தபாலை நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1982-ல் அதே தேதியில், 78 வயதான டாட்டா மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியே ஓட்டி வந்தார். அப்போது அவர் ஏறியது 1930-களில் செய்யப்பட்ட லெப்பர்டு மாத். அதுவும் ஒற்றை எஞ்சின் விமானமே.

லாக் புத்தகம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் விமானி விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியவை சில உள்ளன. இவற்றைப் படித்தபோது, பாதியும் நம் வீட்டுச் சமாசாரம் போலவே இருந்தது.

முதலில் தண்ணீர். எரிபொருள் தொட்டி பாதி காலியாக இரவு முழுவதும் நின்றால், உள்ளேயுள்ள ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகிப் படியும். மழை நீரும் மூடி வழியே கசியலாம். நீர் எரிபொருளைவிடக் கனமானதால் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயும் அடியிலிருந்தே செல்கிறது! ஆகவே ஒவ்வொரு நாளும் பறப்பதற்குமுன் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். விமான பெட்ரோல் நீல நிறம். அடியில் நிறமற்ற குமிழ் தெரிந்தால் அது தண்ணீர். சுத்தமாக வரும்வரை பிடித்துக் கொட்ட வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் புறப்பட்டு, மரங்களுக்கு மேலே ஏறும் நேரத்தில் எஞ்சின் அடங்கிப்போனவர்கள் பலர்.

அடுத்தது குளவி. நம் வீட்டுச் சாவித் துவாரத்தில் மண் வைத்துக் கூடு கட்டுமே, அதே குளவிதான். விமானத்தின் வேகத்தை அறிய, காற்று நுழையும் ஒரு சிறு குழாய் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அதற்குப் பிட்டோ குழாய் என்று பெயர். மூடி போடாமல் விட்டால் குளவி அதில் குடியேறிவிடும். வேகமானி பொய் சொல்லும். 1996 பிப்ரவரி 6-ஆம் தேதி டொமினிக்கன் குடியரசில் போயிங் 757 விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். பல நாட்கள் நின்றிருந்த அவ்விமானத்தின் பிட்டோ குழாயில் பூச்சிக் கூடு அடைத்திருக்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் கருதினர். பெரிய விமானத்துக்கே இக்கதி என்றால், மரத்தடியில் நிற்கும் சிறு விமானத்துக்குக் கேட்பானேன்? சிவப்பு நாடா தொங்கும் ஒரு துணி உறை போதும், குளவியைத் தடுக்க. ஏறுமுன் அதைக் கழற்ற மறக்கக் கூடாது, நாடா அதற்காகத்தான்.

பனிக்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நாம் படித்திருக்கிறோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக் கொள்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதுவே நடக்கிறது. உள்ளே வெப்பம் 20 பாகைக்கும் மேலே குறைந்துவிடும். வெளியே 25 பாகையும், ஐப்பசி மாதத்து ஈரக்காற்றும் இருந்தால், அந்த ஈரம் உள்ளே உறைந்து காற்று வழியை அடைத்து எஞ்சினைத் திணறச் செய்யும். எஞ்சினின் சூட்டையே கார்புரேட்டருக்குள் திருப்பிவிட ஒரு கைப்பிடி இருக்கிறது. நினைவாக அதை இழுத்தால் போதும்.

கோடையிலோ ஆபத்து நேர்மாறானது. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரத்தில் உள்ளது. ஆனால் சூடான காற்று விரிந்து மெலிந்திருக்கும். வெப்பம் 40 பாகையானால், ஏறத்தாழ 3,500 அடி உயர மலையில் இருப்பது போலவே விமானம் உணரும். கொடைக்கானல் மலையில் பாதி ஏறியது போல! இறக்கைக்குத் தூக்கும் ஆற்றல் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு குறையும். காலை 6 மணிக்கு எளிதாக எழும்பும் விமானம் பகல் 2 மணிக்கு ஓடுபாதையை விழுங்கிக்கொண்டே ஓடும்.

பாரம் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 1970-களின் செஸ்னா 172 ஒன்றின் மொத்த எடை 1,043 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானம் சுமார் 640 கிலோ. தொட்டி நிறைய எரிபொருள் சுமார் 115 கிலோ. மீதி 288 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்றால் நான்கு பேருக்கு 280. பெட்டிக்கு மிஞ்சுவது 8 கிலோ! நான்கு இருக்கை இருக்கிறதே என்று நான்கு பேரும், சீர்வரிசைத் தட்டுகளுமாக ஏறினால் என்ன ஆகும்? ஒருவரை இறக்க வேண்டும்; அல்லது எரிபொருளைக் குறைத்து, வழியில் இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பெரியம்மாவின் இரண்டாம் கேள்வி: ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால்? நிற்காமலிருக்கவே முன்னேற்பாடு உள்ளது. இவ்வெஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றுக்குத் தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோக்கள். மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக் கொள்ளும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். புறப்படுமுன் ஒவ்வொரு மேக்னெட்டோவாக நிறுத்தி, மற்றது தனியே எஞ்சினை ஓட்டுகிறதா என்று விமானி சோதிப்பார்.

இத்தனைக்கும் மேல் நின்றே விட்டால், விமானம் கல்லைப் போல் விழுவதில்லை. எஞ்சின் விமானத்தை முன்னே இழுக்கிறது, தூக்குவது இறக்கை. மூக்கை அளவாகத் தாழ்த்தினால் சறுக்கிக்கொண்டே செல்லும். செஸ்னா 172 ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 9 மீட்டர் முன்னே செல்லும். நாகமலை புதுக்கோட்டைக்கு மேலே 6,000 அடியில் எஞ்சின் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தின் உயரத்தைக் கழித்தால் 5,540 அடி, அதாவது சுமார் 1,690 மீட்டர். அதை 9 ஆல் பெருக்கினால் 15 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விமான நிலையமோ 13 கிலோமீட்டர். எதிர்க்காற்று இல்லையென்றால் எஞ்சின் இல்லாமலே ஓடுபாதையை எட்டிவிடலாம்! 2,000 அடியில் நின்றால் எட்டாது. அப்போது வற்றிய கண்மாயோ, அறுவடை முடிந்த வயலோ, மின்கம்பி இல்லாத பொட்டலோ தேட வேண்டும். நல்ல விமானி பறக்கும்போதெல்லாம், "இப்போது நின்றால் எங்கே இறங்குவேன்?" என்று கீழே பார்த்துக்கொண்டே செல்வாராம். ஓடுபாதையை விட்டு எழும்பியவுடன் நிற்பதுதான் கொடியது. திரும்பி ஓடுபாதைக்கே வந்துவிடலாம் என்று மனம் சொல்லும். அந்த உயரத்தில் திரும்ப முயன்றால் வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். நேர் எதிரே இருக்கும் வயலில் இறங்குவதே உயிர் காக்கும் என்று பள்ளிகளில் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள்.

படித்தவற்றைப் பெரியம்மாவிடம் சொன்னேன். குவளையில் தண்ணீர் பார்க்கும் விஷயத்தைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "எல்லாம் சரி, ஓட்டுறவ ஒழுங்கா ஓட்டணுமே" என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எஞ்சினை விட்டு மனிதரைப் பற்றிப் படித்தேன். சிறு விமான விபத்துக்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பழைய எஞ்சின் அன்று, ஓட்டியவரின் முடிவே. 1980 ஜூன் 23-ஆம் தேதி டெல்லியில் சஞ்சய் காந்தியும் உடன் சென்ற பயிற்சியாளரும் இறந்தது, சிறு விமானத்தில் தாழ்வான உயரத்தில் சாகசம் செய்தபோது நேர்ந்த விபத்தில். உயரம் இருந்தால் தவற்றைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். தாழ்வில் அது கிடைப்பதில்லை.

மேகமும் இப்படித்தான். சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று தெரியாமல் போகிறதல்லவா? நம் காதுக்குள் உள்ள நிலையறியும் உறுப்பு, கண்ணின் துணையில்லாமல் பொய் சொல்லும். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கும் அதே நிலை. சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கையில் நேராகச் செல்வதாகவே அவருக்குத் தோன்றும். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி இல்லாதவர் மேகத்தைக் கண்டதும் திரும்ப வேண்டும். ஊரில் கல்யாணம், நாளை தேர்வு, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்னும் நினைப்புத்தான் அவரைத் திரும்பவிடாமல் செய்கிறது.

ஆமி ஜான்சனுக்கும் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆறே நாளில் கராச்சியை எட்டிவிட்டார். ஆஸ்திரேலியப் பயணத்தில் அதுவரை இருந்த பதினைந்தரை நாள் சாதனையை முறியடிப்பார் என்று பத்திரிகைகள் எழுதின. கராச்சியிலிருந்து அலகாபாத்துக்குப் போகும் வழியில் எரிபொருள் குறைந்தது. எட்டிவிடலாம் என்று நம்பிப் பறக்காமல் ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினார். விமானம் சிறிது சேதமுற்றது; பழுது பார்த்துக்கொண்டு கிளம்பினார். ரங்கூன் அருகே மழையில் ஒரு கால்பந்து மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் சிக்கியபோது இறக்கை கிழிந்தது. அங்கிருந்த தொழிற்கல்வி நிலையத்தார் சட்டைத் துணி கொண்டு ஒட்டுப்போட்டுத் தந்தார்கள். இவற்றில் நாட்கள் கழிந்தன, சாதனை கைநழுவியது. 1930 மே 24-ஆம் தேதி, புறப்பட்ட பத்தொன்பதாம் நாள், அந்தப் பழைய ஜேசனிலேயே டார்வின் நகரில் இறங்கினார். தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த முதல் பெண்மணி அவரே. ஜேசன் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.